சாத்தனூர் கல்மரமும் உயிருள்ள கிங்கோவும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தின் நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். அக்காலத்தில் கடல் இதுவரை இருந்தது. வெள்ளம் அடித்து வந்த மரம் கடற்சேற்றில் புதைந்து, மணற்சத்து கரைந்த நீர் ஊறிக் கல்லாயிற்று.

இம்மரம் மாவைப்போல் பூத்துக் காய்க்கும் இனமன்று. விதையைக் கனிக்குள் மூடி வைக்காத பழைய இனம். இந்தப் பழைய இனங்கள் எப்படிக் கருவுற்றன என்பதை அடிமரக் கல் சொல்லாது. அதை அறிய உயிருள்ள மரம் வேண்டும். சீனத்துக் கிங்கோ அப்படிப்பட்ட ஒரு தூரத்து உறவு. 20 கோடி ஆண்டுக்கு முன்பே இருந்த குலம். இன்று மிஞ்சியிருப்பது ஒரே வகைதான்.

பனையைப்போல் இதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டு சேர்க்கும். ஆனால் கரு உடனே கூடாது. நாலைந்து மாதம் சென்றபின், மகரந்தத்திலிருந்து வெளிப்படும் ஆண் அணு, சூலுக்குள் ஊறிய நீரில் நீந்திப்போய் முட்டையைச் சேரும்! பாசியும் பெரணியும் செய்கிற வேலையை ஒரு பெருமரம் செய்கிறது. 1896-ல் ஜப்பானியரான ஹிராசே இதைக் கண்டு சொன்னார். பழுத்து விழும் விதையின் சதை நாறும். அதனால் தெருவோரங்களில் ஆண்மரத்தையே விரும்பி நடுகிறார்கள்.

அரியலூர் பக்கம் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கல்லான நத்தை, சிப்பி கிடைப்பதுண்டு. அவற்றை உடைத்து வரப்பில் போடாமல், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டலாம். எந்த வயல், எத்தனை அடி ஆழம் என்பதையும் குறித்துச் செல்ல வேண்டும். இடம் தெரியாத கல்லால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு.