அடுப்படி இடிபாடுகளும் ஊருணிக் காவலும்

செட்டிநாட்டுச் சீமையில் பழைய வீடுகளின் பின்கட்டில் இருந்த விறகடுப்புகளை இடித்து, எரிவாயு அடுப்புக்கேற்ற மேடை அமைப்பது பெருகி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், இடித்த காரையும் கல்லும் பல ஊர்களில் ஊருணிக் கரையையும் வரத்துக்காலையுமே சென்றடைகின்றன.

வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில், கூரைநீரும் தெருநீரும் வடிந்து ஊருணியை அடையுமாறு நம் முன்னோர் ஊர் அமைத்தனர். ஓர் ஊரில் இரண்டு வண்டி இடிபாடு வரத்துக்காலில் கொட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். ஐப்பசி மழை நன்கு பெய்தும் நீர் சாலைமேல் ஓடி வீணாயிற்று. ஊருணி பாதியும் நிரம்பவில்லை. கொட்டியவர் மிச்சம் பிடித்தது வண்டிக் கூலி. ஊர் இழந்தது ஓராண்டுத் தண்ணீர்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை.

முதலாவது, கணக்கிடல். பத்தடி நீளம், எட்டடி உயரம், முக்காலடி கனமுள்ள சுவர் 60 கன அடியாகும். இடித்தபின் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகி 90 கன அடியாகும். அதாவது, ஏறக்குறைய ஒரு யூனிட். வேலை தொடங்குமுன்பே வண்டியும் இடமும் முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பிரித்தல். மரம், இரும்பு, முழுச் செங்கல், ஓடு ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்குக. ஆத்தங்குடிக் கற்களை உடையாமல் பெயர்த்தால் மீண்டும் பதிக்கலாம். பழைய கதவு, நிலைகளைக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கலாம்.

மூன்றாவது, பயன்படுத்தல். உடைந்த செங்கலும் காரையும் தரைமட்டம் உயர்த்தவும் வண்டிப்பாதைப் பள்ளம் நிரப்பவும் உதவும். வயலில் கொட்டலாகாது, சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், கற்கள் கொழுவைக் கெடுக்கும்.

நான்காவது, எச்சரிக்கை. கல்நார்த் தகடுகளை உடைத்தலோ அறுத்தலோ கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுப்பவை. நீர் தெளித்து, முழுதாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றித் தனியே வைத்து, அகற்றும் முறையை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டறிக.

இடிபாட்டைத் தன் மனைக்குள் பிரித்து வைப்பதும், வடிகால் அடைபடாது காப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பே என மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆயினும், கொட்ட இடம் காட்டாமல் தடை மட்டும் விதித்தால் இருட்டில் கொட்டுவரேயன்றித் திருந்தார். ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள், நீர்நிலை அன்று எனக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதிசெய்த ஓர் இடத்தைக் கிராம சபையில் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும்.

வீட்டு அடுப்படி புதுமை பெறட்டும். அதில் உலை வைக்கும் நீரைத் தரும் ஊருணியும் நிலைக்கட்டும்.