டிரா கேட்கும் முன்

அன்புள்ள கயல்,

1750 ரேட்டிங்கில் இருக்கிற நீ 1950-காரரோடு டிரா செய்ததை உன் அப்பா போனில் சொன்னான். குரலிலேயே கொண்டாட்டம். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ அனுப்பிய ஸ்கோர் ஷீட்டைப் போர்டில் ஆடிப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

யானை எண்ட்கேம். உனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கிளாக்கிலும் நேரம் இருக்கிறது. 34-வது நகர்வை ஆடிவிட்டு நீயாகவே டிரா கேட்டிருக்கிறாய். யானை எண்ட்கேமில் ஒரு சிப்பாய் போதாமல் போவது உண்டு, தெரியும். அதை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கணக்கையும் பார். 200 புள்ளி வித்தியாசத்துக்கு உன்னிடம் எதிர்பார்ப்பது 0.24. உன் வயதுக்குக் கே ஃபேக்டர் 40. டிராவால் 10.4 ஏறியது. ஜெயித்திருந்தால் 30.4. தோற்றிருந்தாலும் 9.6தான் போயிருக்கும். அதற்கா பயந்தாய்?

2004-ல் ரேக்யவிக்கில், 13 வயது கார்ல்சன் ரேபிட் ஆட்டத்தில் காஸ்பரோவோடு டிரா செய்தார். 52 நகர்வு ஆடித்தான் அந்த டிரா. அடுத்த ஆட்டத்தில் தோற்றார். அதனால் என்ன குறைந்துவிட்டது? 2013-ல் நம் சென்னையில்தான் ஆனந்தை வென்று உலக சாம்பியன் ஆனார்.

உன் அப்பாவுக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். திருச்சியில் அவன் ஆடிய அந்தக் கடைசி ரவுண்டு உனக்குத் தெரிந்ததுதான். நல்ல நிலையில் இருந்தவன், எதிரில் இருந்தவரின் பேருக்கே பயந்து கைகொடுத்துவிட்டு எழுந்து வந்தான். அரைப் புள்ளியில் மாநில அணி போயிற்று. தோற்றிருந்தால் மறந்திருப்பான். அந்த டிராவை இன்றுவரை அவனால் மறக்க முடியவில்லை; என்னாலும்தான்.

அடுத்த மாதப் போட்டியில் டிரா கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தவில்லை. கேட்குமுன் ஒன்றை மட்டும் யோசி: இதே நிலையில் எதிரே 1500-காரர் உட்கார்ந்திருந்தால் கேட்பாயா? மாட்டாய் என்றால், ஆடு.

இவ்வளவு எழுதியதால் பெரியப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே, கண்ணு. நம் குடும்பத்தில் இந்த வயதில் உன்னளவு ஆடியவர் யாரும் இல்லை. நீ தோற்றாலும் ஜெயித்தாலும் எங்களுக்கு நீ தங்கம்தான். ரவுண்டுக்கு ரவுண்டு நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. என்ட்ரி ஃபீஸுக்கு அப்பாவிடம் நிற்காதே, என்னிடம் கேள். பெரிய ரேட்டிங்காரர் வந்தால் மட்டும், எனக்காக, கடைசிவரை ஆடு.

அன்புடன்,
பெரியப்பா