எதனால் கூடியது என்று கேட்டால்?

புது மேலாளர் வந்த முதல் மாதமே ஷிஃப்ட் நேரத்தை மாற்றுகிறார், ஊக்கத்தொகை அறிவிக்கிறார், பழைய மென்பொருளையும் தூக்கிவிடுகிறார். உற்பத்தி கூடுகிறது. எதனால்? அவருக்கே தெரியாது. நாளைக்குச் செலவைக் குறைக்கச் சொன்னால் மூன்றில் எதை நிறுத்துவார்?

இந்தச் சிக்கலுக்கான வழியை 1747-லேயே ஒரு கப்பல் மருத்துவர் செய்து காட்டிவிட்டார். பிரிட்டிஷ் கடற்படையின் சாலிஸ்பரி கப்பலில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய். ஈறு அழுகும், முழங்கால் தளரும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஜேம்ஸ் லிண்ட், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வைத்தியம்: சைடர், நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர், மருந்து விழுது, ஆரஞ்சும் எலுமிச்சையும். (கடல்நீர் குடித்தவர்கள் பாவம்.) ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்றவர்களில் ஒருவர் வேலைக்குத் தயார். மற்றவர் சக நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார்.

உங்கள் அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு குழு பழைய முறையிலேயே தொடரட்டும். ஒப்பிட ஆள் வேண்டுமே. எந்தக் குழுவுக்குப் புது முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கெட்டிக்காரக் குழுவிடம் கொடுத்தால், ஜெயித்தது முறையா ஆட்களா என்று சொல்ல முடியாது. எதை அளக்கப் போகிறீர்கள், எது நடந்தால் உங்கள் யோசனை தோற்றதாக அர்த்தம் என்பதைத் தொடங்கும் முன்பே தேதி போட்டு எழுதிவையுங்கள். எண்ணிக்கை வந்த பிறகு அளவுகோலை வளைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தீபாவளி மாத விற்பனையை அடுத்த மாதத்தோடு ஒப்பிடவே வேண்டாம். லிண்டின் சோதனையில் இருவர் தேறியதுகூடப் போதிய ஆதாரம் ஆகாது. திரும்பச் செய்தாலும் அதே முடிவு வருகிறதா என்று பாருங்கள்.

லிண்டே பிறகு சறுக்கினார். பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 1753-இல் வெளியான நூலில் பரிந்துரைத்தார். அந்தப் பாகை அவர் சோதித்திருக்கவில்லை. ஸ்கர்வியைக் குணப்படுத்தும் வைட்டமின் சி சூட்டில் பெருமளவு அழிந்துபோகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795 ஆயிற்று. லிண்ட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

சோதித்தது ஒன்று, பரிந்துரைத்தது வேறொன்று: அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுதான். சோதனையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் விரிவாக்கும்போது அரை மணி நேர வீடியோவாகச் சுருக்கிவிடுவார்கள். அது வேறு முறை. அதைத் தனியாகச் சோதித்துவிட்டு அமல்படுத்துங்கள்.