லொறியின் சூட்டு ஊசி ஏறினால் முதலில் எங்கே பார்ப்பது?



கொழுந்து ஏற்றுகிற லொறிதான் பல தோட்டங்களில் நோயாளியையும் ஏற்றிப் போகிறது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும் காலம் இது. ஆனாலும் மேல் டிவிசன் லயத்து ரோட்டில் அது ஏறி வரும்வரை காத்திருக்க முடியாமல் லொறிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே பழைய டீசல் லொறியின் சுகமும் எங்கள் நலன்புரிப் பகுதிக்குரிய விஷயந்தான்.

ஒரு மழை இரவு. பிரசவ வலி கண்ட ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு நாங்களும் கூடப் போனோம். இரண்டாவது வளைவிலேயே சூட்டு மீட்டரின் ஊசி சிவப்புக் கோட்டில் ஏறி நின்றுவிட்டது. எஞ்சின் வெந்து போச்சு என்று பயந்து லொறியை நிறுத்தினோம். அரை மணி நேரம் நடு ரோட்டில் நின்று, வேறொரு லொறியை மறித்துத்தான் ஆஸ்பத்திரி போனோம். நல்ல காலம், தாயும் சேயும் சுகம். மறுநாள் கராஜ் பாஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்: எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, மீட்டர் வயர் தோல் உரிந்து இரும்பில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சாண் வயருக்காக அந்தப் பிள்ளை மழையில் தவித்ததை எங்களால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

ஊசி ஏறினால் முதல் கேள்வி, அது சொல்வது மெய்யா பொய்யா என்பது. வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டரைத் தொடாமல் கிட்டக் கையைக் காட்டிப் பாருங்கள். அனல் அடிக்கிறதா? ஆவி, கொதிக்கும் சத்தம், வெந்த வாடை ஏதும் உண்டா? ஒன்றும் இல்லையென்றால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஹெட்டுப் பக்கம் ஒற்றை வயர் பூட்டிய சிறு பித்தளைக் குமிழ் இருக்கும். சாவியைப் போட்டபடி அந்த வயரைக் கழற்றினால், பெரும்பாலான பழைய வண்டிகளில் ஊசி கீழே விழ வேண்டும். விழாமல் மேலேயே நின்றால் பிழை வயரில் அல்லது மீட்டரில். டீசல் ஊசியும் சேர்ந்து காரணமில்லாமல் ஏறியிருந்தால், இரண்டு மீட்டருக்கும் கரண்ட் அளந்து கொடுக்கும் சின்னப் பெட்டி கெட்டிருக்கலாம். செப்புக் குழாயோடு வரும் மீட்டருக்கு இந்தச் சோதனை சரிவராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தண்ணி அடியோடு வற்றிவிட்டால் குமிழுக்குத் தண்ணி எட்டாது. எஞ்சின் வேகும்போதே ஊசி இறங்கிக் காட்டும். ஏறின ஊசி சட்டென்று விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

சூடு மெய்தான் என்றால் மூடியைத் திறக்கவே கூடாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பானையில் தண்ணி சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அமுக்கி வைத்திருப்பதால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த அந்த நொடியே முகத்தில் அடிக்கும். அரை மணியாவது ஆறவிட்டு, தடித்த சாக்கைப் போட்டு, கால் திருகு திருகி ஆவியை விட்ட பின்பே கழற்ற வேண்டும். பீலித் தண்ணியைச் சுட்ட எஞ்சினில் குடத்தோடு கவிழ்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹெட் வெடித்துப் போகும். எஞ்சின் நன்றாக ஆறிய பின் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பிறகு, எப்போது சூடேறியது என்று யோசித்துப் பாருங்கள். நின்று ஓடும்போது ஏறினால் பேன் பெல்ட் தளர்வு, அல்லது பேன் கோளாறு. பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. எங்கள் பக்கத்தில் இதுதான் அதிகம். மானாப் புல் விதையும் தேயிலைத் தூசும் சேறும் தகடுகளுக்கிடையில் ஒட்டிக் காய்ந்து, காற்றுப் போக வழியே இருக்காது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணி அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கும். உள்ளேயும் கலங்கல் தண்ணி ஊற்றி ஊற்றி மண் படிந்திருக்கும். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் ரேடியேட்டர் உள்ளடைப்பு, வாட்டர் பம்ப் இவற்றைப் பாருங்கள். இரண்டு ஹோஸும் சூடாகாமல் எஞ்சின் மட்டும் வெந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது எங்கள் சாரதிமாருக்குப் பழக்கம். குளிர் மலையில் எஞ்சின் சூடேறாமலே ஓடி, டீசலும் தின்னும், தேய்மானமும் கூடும். சட்டியில் தண்ணி வைத்து அடுப்பில் அதைப் போட்டுப் பாருங்கள். கொதிக்கு முன்பே திறந்தால் நல்லது, இல்லாவிட்டால் புதிது போட வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரில் குமிழி விட்டு, வெள்ளைப் புகையும் வந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஹெட் கஸ்கெட் போய்விட்டது. அது ரோட்டில் பார்க்கிற வேலை இல்லை. ஆட்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, லொறியைக் கட்டி இழுத்து வாருங்கள்.