மறக்கப்பட்ட மணமகள்: நாட்டுப்புறக் கதைகளில் ஒரு கதைக்கூறு

முன்னுரை

அரக்கனிடம் அகப்பட்ட இளவரசனை அவ்வரக்கனின் மகளே காப்பாற்றுவதாக அமைந்த கதைகள் உலகெங்கும் வழங்குகின்றன. ஒருவராலும் செய்ய முடியாத வேலைகளை அவனுக்காகச் செய்து முடித்து, பெற்ற தந்தையையும் பிறந்த மனையையும் துறந்து, அவனோடு புறப்பட்டு வருகிறாள் அப்பெண். கதை இவ்வளவில் நின்றிருந்தால் அதனை ஒரு காதற்கதை என்றோ வீரக்கதை என்றோ கூறி அமைந்துவிடலாம். ஆனால் பல நாடுகளில் கதை அங்கே நிற்பதில்லை. தன் வீட்டு வாயிலை மிதித்ததும் இளவரசன் அவளை அடியோடு மறந்துவிடுகிறான். வேறொருத்தியோடு அவனுக்கு மணம் பேசப்படுகிறது. மறக்கப்பட்டவள் அம்மண வீட்டிற்கே வந்து தன்னை நினைவூட்டுகிறாள்.

பின்லாந்து நாட்டறிஞர் ஆன்டி ஆர்னெ 1910இல் தொடங்கிய கதைவகை அடைவினை அமெரிக்க அறிஞர் ஸ்டித் தாம்சன் 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். அதில் இக்கதை 313ஆம் வகையின் ஓர் உட்பிரிவாக இடம்பெற்றது. 2004இல் செர்மானிய அறிஞர் ஊத்தர் அவ்வடைவைத் திருத்தியபோதும் 313 என்னும் எண் நிலைத்தது. தாம்சனின் கதைக்கூறு அடைவில் 'மறக்கப்பட்ட மணமகள்' என்பது டி2003 என்னும் எண்ணைப் பெறுகிறது. இக்கூறு பற்றி மூன்று வினாக்களை எழுப்பி விடை காண முயல்வோம். மறக்கப்படுபவள் யார்? மறதி எவ்வாறு நேர்கிறது? நினைவு எவ்வாறு மீள்கிறது?

மறக்கப்படுபவள் யார்?

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் வழங்கிய 'பறவைகளின் போர்' என்னும் கதையினைக் கேம்ப்பெல் 1860இல் தம் தொகுப்பில் வெளியிட்டார். அதில் அரசகுமாரன் ஓர் அரக்கனின் வீட்டை அடைகிறான். பல்லாண்டுகள் கூட்டப்படாத தொழுவத்தை ஒரே நாளில் தூய்மை செய்யவேண்டும். தொழுவத்திற்குப் பறவை இறகுகளால் கூரை வேயவேண்டும். மிக உயர்ந்த மரத்தின் உச்சியிலுள்ள கூட்டிலிருந்து முட்டைகளை உடையாமல் கொணரவேண்டும். மூன்றையும் அரக்கனின் இளைய மகளே முடித்துத் தருகிறாள். மரமேறும் முயற்சியில் அவள் தன் சிறுவிரலை இழக்கிறாள். பின்னர் இருவரும் தப்பியோடும்போது பின்னால் எறிந்த சுள்ளி முட்காடாகிறது, கல் பெரும்பாறையாகிறது, நீர் ஏரியாகிறது. அவ்வேரியில் மூழ்கி அரக்கன் மாள்கிறான்.

நேப்பிள்சு நகரத்துப் பாசிலே தொகுத்து, அவர் மறைவுக்குப்பின் 1634 முதல் 1636 வரை வெளிவந்த கதைநூலில் இக்கூறு இரு கதைகளில் வருகிறது. 'புறா' என்னும் கதையில் நாயகி அரக்கியின் மகள். 'ரோசெல்லா' என்னும் கதையிலோ அவள் துருக்கிச் சுல்தானின் மகள். சைல்டு என்பார் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுப்பில் 53ஆம் பாடலாக உள்ள 'இளம் பெய்க்கன்' கதையில், அயல்நாட்டில் சிறைப்பட்ட இலண்டன் இளைஞனை மூர் இனத்தவனான அவனது சிறைக்காவலனின் மகள் விடுவிக்கிறாள்.

அரக்கன் மகள், அரக்கி மகள், சுல்தான் மகள், சிறைக்காவலன் மகள் என இவர்களை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலனாகும். மறக்கப்படுபவள் எப்போதும் 'அப்பாலுள்ளவள்'. நாயகனின் குடிக்கும் ஊருக்கும் அவள் அயலாள். சில கதைகளில் பகையாளின் மகளும் ஆவாள். ஐரோப்பியக் கதைசொல்லிகளுக்கு அரக்கனும் துருக்கியனும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வைத்து எண்ணத்தக்கவராய் இருந்தனர் என்பதும் இதனால் தெரிகிறது. எனினும் அதே கதைசொல்லிகள், தம் நாயகனின் உயிரைக் காத்தவள் அவ்வேற்றுக்குடிப் பெண்ணே என்பதை ஒளிக்கவில்லை. மாறாக, அவளை மறந்தவன் தம் குடியினன் என்பதையும் கூசாமல் சொல்லினர். நாட்டுப்புற மக்களின் நடுவுநிலைக்கு இஃதொரு சான்றாகும்.

மறதியின் வாயில்

மறதி நேரும் இடம் பெரும்பாலும் வீட்டு வாயிலே. 'புறா' கதையில் நாயகன் அவளை ஊர்ப்புறத்தே நிறுத்தி, அவளுக்குத் தக்க ஆடையும் ஊர்தியும் கொண்டுவருவதாகக் கூறி அரண்மனைக்குச் செல்கிறான். தாய் மகனை முத்தமிடுகிறாள். அரக்கியின் சாபப்படி அக்கணமே நினைவு அழிகிறது. 'ரோசெல்லா' கதையில் தன் மண்ணில் கால் வைத்ததும் மறதி வருகிறது. ஸ்காட்லாந்துக் கதையில் யாரும் தன்னை முத்தமிடாதவாறு அவன் விழிப்பாய் இருக்கிறான். ஆயினும் வளர்த்த வேட்டைநாய் தாவி வந்து வாயை முகர்ந்துவிடுகிறது. அஸ்பியோர்ன்சனும் மோவும் 1841-44இல் வெளியிட்ட நார்வேக் கதைகளுள் ஒன்றான 'தலைமைப்பெண்' கதையில், வீட்டிலுள்ளோர் தந்த ஆப்பிளை அவன் கடித்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

தாயின் முத்தம், பிறந்த மண், வளர்த்த நாய், வீட்டு உணவு ஆகியவற்றுள் தீயது எதுவும் இல்லை என்பது ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மறதியைத் தருவது பகைவனின் நஞ்சன்று. சொந்த வீட்டின் அன்பே. வெளியே துன்புற்ற காலத்தில் கைகொடுத்தவளை, உள்ளே வந்து இன்புற்ற கணத்தில் மனிதன் மறக்கிறான். இம்மனவியல்பைப் பொருட்களின் வாயிலாகக் காட்டிய கதைசொல்லியின் நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது.

மறதியா, மறுப்பா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுகிறது. மாயமறதி என்பது உண்மையில் மறதிதானா? இதற்கு விடைகாண இந்தியக் கதைகள் நமக்குத் துணைபுரிகின்றன.

காசுமீரத்துச் சோமதேவர் பதினொன்றாம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் சிருங்கபுஜன் கதை வருகிறது. அவனை மணக்க விரும்பும் அரக்கன் மகள் உரூபசிகை வேலைகளை முடித்துத் தருகிறாள். துரத்தலின்போது மண், நீர், முள், தீ ஆகியன தடையாகின்றன. ஐரோப்பியக் கதையோடு பெரிதும் ஒத்த இக்கதையில் மறதி இல்லை. ஆகவே துணைபுரியும் பெண் என்னும் கதையும், மறக்கப்படும் பெண் என்னும் கூறும் தனித்தனியே வழங்கத்தக்கவை எனலாம்.

மறக்கப்பட்ட மனைவிக்கு இந்தியாவில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சகுந்தலை. மகாபாரதத்து ஆதிபருவத்தில் மோதிரமும் இல்லை. துர்வாசர் சாபமும் இல்லை. துஷ்யந்தனுக்கு அவளை நன்கு நினைவிருக்கிறது. இருந்தும் அவையில் அறியேன் என மறுக்கிறான். வானொலி எழுந்து உண்மையுரைத்த பின்னரே ஏற்கிறான். ஊரார் ஐயுறாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணமும் கூறுகிறான். காளிதாசரின் நாடகத்தில் சாபமும், நீரில் நழுவிய மோதிரமும், அதனை மீன் வயிற்றில் கண்டெடுத்த செம்படவனும் வருகின்றனர். இம்மாற்றத்தால் மன்னன் பழியினின்று நீங்குகிறான். மறுத்தவன் மறந்தவன் ஆகிறான்.

பௌத்த சாதகக் கதைகளுள் ஏழாவதான கட்டஹாரி சாதகம் இன்னும் கடுமையானது. விறகு பொறுக்கும் பெண்ணுக்கு மன்னன் மோதிரம் தந்து செல்கிறான். மகன் பிறந்ததும் மோதிரத்தோடு அவள் அவைக்கு வருகிறாள். மன்னனோ நாணத்தால் மகனையும் மறுக்கிறான். மோதிரத்தையும் தன்னதன்று என்கிறான். மறுக்கத் துணிந்தவன் முன் மோதிரமும் ஊமையாகிவிடுகிறது. அவள் சத்தியத்தின்மேல் ஆணையிட்ட பின்னரே உண்மை நிலைபெறுகிறது.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கும்போது ஒரு முடிவுக்கு வரலாம். மாயமறதி என்பது கதை தன் நாயகனுக்கு அளிக்கும் மன்னிப்புச் சீட்டு. அவன் தீயவன் என்று கூறிவிட்டால் அவளை அவனோடு சேர்த்துவைக்க இயலாது. ஆதலின் முத்தத்தின் மீதும் சாபத்தின் மீதும் பழியை ஏற்றி, அவன் திரும்பிவர ஒரு வழியைக் கதை திறந்துவைக்கிறது. ஆனால் வழியைத் திறந்ததோடு விட்டுவிடுவதில்லை. நடந்ததை எல்லாம் பலர் அறியக் கேட்ட பின்னரே அவ்வழியில் அவனை வரவிடுகிறது.

நினைவு மீளும் முறை

நினைவூட்டும் பொறுப்பு முழுவதும் பெண்ணையே சார்கிறது. அவள் அழுது மாய்வதில்லை, திட்டமிடுகிறாள். 'புறா' கதையில் ஆண்வேடம் பூண்டு அரண்மனை மடைப்பள்ளியில் வேலைக்கமர்கிறாள். அவள் செய்த பணியாரத்தை விருந்தில் அறுக்கும்போது உள்ளிருந்து ஒரு புறா பறந்து இளவரசனின் நன்றிகேட்டைச் சொல்கிறது. நார்வேக் கதையில் முறைகேடாய் நெருங்கும் அலுவலர் மூவரை இரவெல்லாம் அசையவிடாது நிறுத்துகிறாள். மணவிருந்தில் பொற்சேவலையும் பொற்கோழியையும் ஒரு பொற்கனிக்காகச் சண்டையிட வைக்கிறாள். ஸ்காட்லாந்துக் கதையில் பொற்புறாவும் வெள்ளிப்புறாவும் மூன்று வாற்கோதுமை மணிகளை முன்னிட்டுப் பேசுகின்றன. தொழுவத்தைத் தூய்மை செய்தது முதலாக ஒவ்வோர் உதவியாக எடுத்துரைத்து, அதனை நினைந்திருந்தால் எனக்கும் பங்கு தந்திருப்பாயே என்கிறது பொற்புறா. கிரிம் உடன்பிறந்தார் தொகுப்பின் 56ஆம் கதையிலோ பறவை இல்லை; மணவிழாவில் பாடும் அவள் குரலே காதலனின் நினைவை எழுப்புகிறது.

பறவைகள் கூறுவது காதல்மொழியன்று, கணக்கு. இன்ன நாளில் இன்ன உதவி எனத் தலைப்படுத்திச் சொல்லும் வழக்குரை அது. மண வீடு வழக்குமன்றமாகிறது, விருந்தினர் அவையத்தாராகின்றனர். சில வடிவங்களில் இளவரசன் விருந்தினரிடம் ஒரு வினா விடுக்கிறான்: பழைய சாவி தொலைந்ததால் புதிய சாவி செய்தேன், இப்போது பழையது கிடைத்துவிட்டது, எதனை வைத்துக்கொள்வது? பழையதையே என்பது அவையின் தீர்ப்பு.

இத்தீர்ப்பு முழுமையான நீதியா என்றும் நாம் கேட்கவேண்டும். புதிய சாவி எனப்பட்டவளும் ஒரு பெண்ணே. நார்வேக் கதை அவளைச் சூனியக்காரி ஆக்கிக் கொன்றுவிடுகிறது. பெய்க்கன் பாடலில் அவளுடைய தாய் முறையிடுகிறாள். குதிரையில் வந்தவளை வண்டியில் ஏற்றித் திருப்பியனுப்புவதே அவளுக்குக் கிடைக்கும் ஈடு. ஒரு பெண்ணின் குறையைத் தீர்க்கும் கதை மற்றொருத்தியின் குறையைக் கேளாது போகிறது. ஆய்வு மாணவர் இவ்விடைவெளியையும் குறித்துக்கொள்ளல் நலம்.

தமிழ் மரபில் சான்று

பறவையைச் சான்றாக நிறுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தலைவன் தன்னைக் களவில் மணந்த நாளில் வேறு யாரும் அங்கில்லை என்றும், ஓடும் நீரில் ஆரலை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது என்றும் கூறி வருந்துகிறாள். மேலைக் கதைகளில் பறவை பேசுகிறது. கபிலர் பாட்டில் குருகு பேசாது. அவள் துயரின் ஆழமே அதுதான்.

அகநானூறு 256ஆம் பாடல் மறுத்தவனுக்கு ஊரார் அளித்த தண்டனையைக் கூறுகிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தபின் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையோர் சான்று கேட்டு உண்மையறிந்து, அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் நீற்றைப் பெய்தனர். இங்கே மாயமறதி என்னும் சலுகை இல்லை; மறுப்புக்கு மறுப்பென்றே பெயரிடப்பட்டது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே மூத்தோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்னும் கருத்தைத் தொல்காப்பியக் கற்பியலும் கூறுகிறது. சான்றோர் முன்னிலையில் மணம் நிகழ்வதும், நிக்காஹ்வுக்குச் சாட்சிகள் வேண்டப்படுவதும், பதிவேட்டில் கையொப்பமிடுவதும் இத்தேவையை நிறைவு செய்கின்றன. பறவை பேசாத உலகில் மனிதர் பேசியாகவேண்டும்.

முடிவுரை

மறக்கப்பட்ட மணமகள் கதை மூன்று உண்மைகளை நமக்கு உணர்த்துகிறது. உயிர் காத்தவர் நம் குடியினராய் இருக்கவேண்டுவதில்லை. மறதி, துன்பத்தைவிட இன்பத்திலேயே விரைந்து வருகிறது. நினைவு தானே மீள்வதில்லை; ஒருவர் எடுத்துச் சொல்லவும் பலர் இருந்து கேட்கவும் வேண்டும். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வைத்ததன் காரணம் இக்கதைகளைக் கற்போர்க்கு இனிது விளங்கும்.

ஸ்காட்லாந்துப் பெண் இழந்த சிறுவிரலை நாம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. கணவனின் கடற்பயணச் செலவுக்காகக் கைவளையலைக் கழற்றித் தந்துவிட்டு வெறுங்கையோடு காத்திருக்கும் பெண்கள் நம் ஊர்களிலும் உண்டு. போனவர் பொருளீட்டித் திரும்பும்போது அவ்வெறுங்கையை முதலில் காணவேண்டும். காணாவிடில், ஊரின் மூத்தோர் கள்ளூர் அவையத்தாரைப்போல் சான்று கேட்டு நீதி உரைக்கவேண்டும். மாணவர்களோ தத்தம் இல்லத்துப் பாட்டியரிடமும் அண்டை அயலாரிடமும் இவ்வகைக் கதைகளைக் கேட்டு, சொன்னவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து எழுதிவைத்தல் வேண்டும். மறக்கப்பட்டவளின் கதையையே நாம் மறந்துவிட்டால், அவளை நினைவூட்ட ஒரு புறாவும் எஞ்சாது.