குடகில் மழை, தஞ்சையில் வெள்ளம்

கேள்வி: தஞ்சையில் மழை அதிகம் பெய்யாத ஆடி மாதத்தில், 1924-ஆம் ஆண்டு காவிரி அத்தனை பெருகியது எவ்வாறு?

பதில்: அரபிக் கடலின் நீராவியைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழும்பிக் குளிர்ந்து, தன் பாரத்தையெல்லாம் குடகிலும் வயநாட்டிலும் இறக்கிவிட்டு, ஏறக்குறைய வெறுங்கையோடுதான் தஞ்சைக்கு வந்து சேருகிறது. அவ்வாண்டு ஜூலையிலோ அம்மழை பல தினங்கள் ஓயாமல் பொழிந்தமையால், ஊறி நிறைந்த மலைமண் மேற்கொண்டு நீரை ஏற்க மாட்டாதிருக்க, காவிரியும் அதன் உபநதியான கபினியும் ஏககாலத்தில் பிரவாகமெடுத்தன. வெள்ளத்தைத் தேக்கக்கூடிய மைசூர்ப் பக்கத்துக் கண்ணம்பாடி அணையோ அப்போது கட்டி முடியவில்லை. மேட்டூரில் வேலை ஆரம்பமானதே 1925-இல்தான். எனவே, முக்கொம்பில் பிரிந்து மிகுநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் கொள்ளிடமும் கொள்ளாத வெள்ளம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களின் ஊர்களிலும் வயல்களிலும் புகுந்தது. (வண்டல் படிந்தால் குடியானவனுக்கு லாபம்; மணல் படிந்தாலோ, வெள்ளம் வடிந்த பின்னரே அவன் கஷ்டம் ஆரம்பமாகிறது.) அதே மழைதான் மலைக்கு அப்பால், கொல்லம் 1099-ஆம் ஆண்டானபடியால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் பிரளயத்தை விளைவித்து, மூணாற்றின் ரயில்பாதையை மறுபடி போடவே முடியாதபடி அழித்தது. 1934-இல் பூர்த்தியான மேட்டூர் அணையின் வெள்ளக் கணக்குகள், காவிரியின் இந்தப் பெருக்கைக் கண்ட பிறகே திருத்தப்பட்டன.