வாண்டுமாமாவிடம் ஒரு பாடம்



"டிப்ளமா படிக்கிறவனுக்குக் குழந்தைக் கதை எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செமினாரில் எழுந்து நின்றால், தெரிந்ததையே சொல்ல வராமல் முழிக்கிறோமே, அதற்குத்தான்!

புதுக்கோட்டைச் சீமையில் அரிமளம் என்ற ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்கு எழுதும்போது இவர் 'கௌசிகன்'. 'பாமினிப் பாவை' என்ற சரித்திர நாவல் அந்தப் பெயரில் வந்ததுதான். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் 'வாண்டுமாமா'. கடைசியில் நிலைத்ததும் அதுவே.

மாயாஜாலக் கதை, துப்பறியும் கதை, விஞ்ஞானக் கட்டுரை என நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். அவருடைய 'பலே பாலு' ஒரு தலைமுறையின் தோழன். கல்கி நிறுவனம் 1972-இல் தொடங்கிய 'கோகுலம்' இதழில் பணியாற்றினார். 1984-இல் தொடங்கிய 'பூந்தளிர்' இதழுக்கு ஆசிரியரானார்.

படக்கதை எழுதுவது லேசான வேலை இல்லை. கதையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். எதைப் படம் சொல்லும், எதை வசனம் சொல்லும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நம் டிராயிங் ஷீட் மாதிரிதான். வரைபடம் சரியில்லை என்றால் பட்டறையில் இருப்பவர் என்ன செய்வார்? வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைய, இரண்டும் பிசகாமல் பொருந்தின.

'பூந்தளிர்' இதழில் 'டிங்கிள்' ஆங்கிலச் சித்திரக்கதைகள் தமிழில் வந்தன. அதிலே ஷிகாரி ஷம்பு யாரானார் தெரியுமா? 'வேட்டைக்கார வேம்பு'! காளியா என்ற காக்கை 'காக்கை காளி' ஆனது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றவில்லை; பிள்ளையின் வாயில் நுழையும்படி மாற்றினார்கள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்து திணறும் நமக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

நம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அங்கே நின்று புராணக் கதை சொல்கிறாள். கற்றவன் கீழே இறங்கி வரவில்லை. கேட்பவனைக் கைபிடித்து மேலே ஏற்றுகிறான். வாண்டுமாமா செய்ததும் அதுதான்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், 89-ஆவது வயதில் அவர் மறைந்தார். குழந்தைகளுக்கு எழுதுபவரைச் 'சின்ன எழுத்தாளர்' என்று நினைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்தப் புத்தகங்களால் வாசிக்கப் பழகியவர்கள்தான் பிறகு பெரிய புத்தகங்களைத் தொட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் ஒரு சோதனை செய்வோம். தெருவில் விளையாடும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, கிணற்று மோட்டார் எப்படித் தண்ணீர் இறைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்குப் புரிந்தால் நீங்கள் பாஸ். புரியவில்லை என்றால் தப்பு அவனுடையது இல்லை. நாம்தான் இன்னொரு முறை படிக்க வேண்டும்!